மணலில் புதைத்த மாலை

என் அத்தையின் கல்யாணத்துக்காகச் சாமியிடம் வாங்கி வந்த மாலையை மாமல்லபுரம் கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்தவன் நான். அதைத் தொலைத்தது அம்மா என்று சொன்னவனும் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது தலை முழுக்க வெளுத்துவிட்டது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் எழுதாமலே போய்விடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. குவார்ட்டர்ஸில் நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு முப்பத்திரண்டு வயது. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். செவ்வாய் தோஷம் என்று அவளுடைய ஜாதகம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சாயங்காலங்களில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டச்சுக் கோட்டைக்குப் போவாள். உடைந்த மதிலில் உட்கார வைத்துப் பின்னக் கணக்கு போடச் சொல்வாள். தப்பாகப் போட்டால், "வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்திகினு போனதுல உன் மூளையும் கீதுடா" என்பாள். அந்த மாதிரி திட்டு வாங்குவதற்காகவே சில கணக்குகளைத் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. பாதிச் சமையல், துணி, கடைகண்ணி எல்லாம் அத்தைதான். நாத்தனார் போய்விட்டால் இவளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும், அதனால்தான் மாப்பிள்ளை அமையவிடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருந்தது. அம்மா காதிலும் விழுந்திருக்க வேண்டும். திருவிடந்தைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அம்மாதான்.

திருவிடந்தைப் பெருமாள் தினம் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது கதை. அதனால் கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் அங்கே வந்து மாலை சாத்துவார்கள். அர்ச்சகர் அதில் ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றவேண்டும். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து அந்தக் காய்ந்த மாலையைக் கோவிலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு நாள் லீவை ஒரே ஊரில் செலவழிக்க மனம் வராது. காலையில் திருவிடந்தை, உச்சி வேளையில் திருக்கழுக்குன்றத்தில் கழுகு, சாயங்காலம் மாமல்லபுரம் என்று திட்டம் போட்டார்.

திருவிடந்தையில் அத்தை மாலையோடு சுற்றினாள். நான் பின்னாலேயே ஓடி, ஒவ்வொரு சுற்று முடியும்போதும் சத்தமாக எண்ணினேன். அவளுக்கு முன்னால் மாலை போட்டுக்கொண்டு நடந்தவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மாளும் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு" என்றேன்.

"எண்ணாதடா" என்றாள் அத்தை, உதடு அசையாமல்.

"எண்ணலன்னா தப்பாப்பூடும் அத்த."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். ஒன்பதாவது சுற்றில் கிட்டத்தட்ட ஓடினாள். மாலையைக் கழற்றியதும் அம்மா அதை வாழையிலையில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள். "அடுத்த தடவ வரச்சொல்லோ ரெண்டு பேரா வருவ" என்று அத்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்த மாலை வீட்டில் இருந்தால் ஒரு ஆள் வருவான். வந்தால் அத்தை போய்விடுவாள்.

திருக்கழுக்குன்றத்தில் அம்மா பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். குரங்குகளுக்குப் பயந்து மாலைக் கவர் அத்தை கையிலிருந்து அம்மா கைக்கும், அங்கிருந்து அப்பா கைக்கும் மாறியது. உச்சியில் அர்ச்சகர்கள் கழுகுக்கு வைக்கும் பொங்கலோடு காத்திருந்தார்கள். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. அன்று கழுகு வரவில்லை. "இன்னிக்கு அதுங்களுக்கும் லீவு போலகீது" என்றார் அப்பா. இறங்கும்போது கவர் அம்மாவிடம் திரும்பி வந்தது. "இந்தா, கூடையில வை" என்று அவள் என்னிடம் கொடுத்தாள். அதை மற்ற இருவரும் பார்க்கவில்லை.

மாமல்லபுரத்தில் மூவரும் கடற்கரைக் கோவிலைப் பார்க்கப் போனார்கள். பள்ளிச் சுற்றுலாவில் நான் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது என்று சொல்லி, கூடைக்குக் காவலாக மணலில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் தோண்ட ஆரம்பித்தேன். முழங்கை ஆழத்தில் ஈர மணல் வந்தது. கவரோடு உள்ளே வைத்து மூடி, மேலே ஏறி மிதித்தேன். பிறகு சந்தேகம் வராமலிருக்க அதன்மேல் ஒரு கோபுரமும் கட்டினேன். திரும்பி வந்த அத்தை, "கோவில் நல்லாத்தான் கட்டிகிற" என்றாள். அருகில் உட்கார்ந்து உச்சியில் ஒரு கிளிஞ்சலும் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டு அத்தை மாலையைக் கேட்டாள். கூடையைக் கவிழ்த்தார்கள். டிபன் கேரியர் வந்தது, துண்டு வந்தது, விபூதிப் பொட்டலம் வந்தது.

"கடசியா யாரு கைல இருந்திச்சி?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். "உன்னாண்ட குடுத்தேனே?"

கழுக்குன்றத்திலிருந்து வரும்போது அம்மா தண்ணீர் பாட்டில் பையைப் பஸ் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். அது என் நினைவுக்கு வந்தது. "இல்ல. நீதான் தண்ணிப் பையோட சேத்து கம்பியில மாட்டுன. எறங்கசொல்லோ பைய மட்டும் எடுத்த" என்றேன்.

"நானா?" என்றாள் அம்மா. அத்தை அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். சொந்தக்காரர்கள் பேசிய அத்தனையும் அதில் இருந்தது. அம்மா கவிழ்ந்த கூடையை நிமிர்த்தினாள். "மாட்டியிருப்பேனா இருக்கும்" என்றாள்.

"பரவால்ல அண்ணி" என்றாள் அத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகலாம் என்று அப்பா சொன்னார். அத்தை வரமாட்டேன் என்றாள். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "ஒரு தடவ போனது போதும்" என்றாள் அத்தை. ஆறு மாதத்தில் செங்கல்பட்டில் வேறு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு, ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நான் செய்த காரியம் இப்படி முடிந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். அம்மா பரிமாறுவாள், அவள் சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள், விருந்தாளி மாதிரி. கல்யாணம் நடக்கவே இல்லை.

பதின்மூன்று வருடங்கள் கழித்து, என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கச் செங்கல்பட்டில் அத்தை குடியிருந்த வீட்டுக்குப் போனேன். பத்திரிகையில் இருந்த என் பெயரை அவள் விரலால் தடவிப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, பரிகாரம் போல, "கார் எடுத்துகினு வரேன் அத்த, நாம போயி இன்னொரு மாலை வாங்கலாம்" என்றேன்.

அவள் பத்திரிகையைக் கவருக்குள் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"நீ தோண்டுனது போவட்டும்டா. அன்னிக்கு எண்ணிகினே வந்த பாரு, ஆறு, ஏழுன்னு. என் வாழ்க்கைல அவ்ளோ நீட்டு வழி நான் நடந்ததே இல்ல. மொத்தக் கோவிலும் என் கழுத்தையே பாத்துகினு கீது. ஒரு தடவ செய்யறதுக்கே ஒரு வருசமா மனச தேத்தி வச்சிருந்தேன். ரெண்டாவது தடவ யாரால முடியும்?"

எல்லாம் அந்த மாலையில்தான் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதில் நினைத்திருந்தேன். இருபத்தைந்திலும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

"உங்கம்மாவாண்ட சொன்னியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "மொதல்ல அங்க போயி சொல்லு. அண்ணிய நான் எவ்ளோ வருசமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். புடவையை மாற்றிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

அப்பா ரிட்டயராகி ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியிருந்தார். மின்சார ரயிலில் இருவரும் போனோம். அம்மா கூடத்தில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: நீ மாட்டவில்லை, என்னிடம்தான் கொடுத்தாய், நான் புதைத்தேன்.

அம்மா மஞ்சள் விரலோடு என்னைப் பார்த்தாள். "இன்னாடா சொல்ற? நான்தான் மாட்டுனேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். வாழையெல கவருக்கு வெளிய நீட்டிகினு இருந்திச்சி. காத்துல ஆடிச்சி."

"இல்லம்மா. அத நான்தான் சொன்னேன்."

"நீ இன்னா சொல்றது, என் கண்ணுலயே நிக்குது."

பொய் சொன்ன நிமிடத்தோடு அது தீர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய், பதின்மூன்று வருடமாகத் தினமும் அந்தப் பஸ்ஸில் ஏறி, அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கையாலேயே மாட்டிப் பார்த்திருக்கிறாள்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, அவன் சொல்றது நெஜந்தான்."

"உனக்குத் தெரியாது. அவன் எனக்கோசரம் சொல்றான்" என்றாள் அம்மா. "சின்னதுலேர்ந்தே அப்படித்தான். என்னை யாராண்டயும் உட்டுக்குடுக்க மாட்டான். அன்னிக்கு என் மனசுல நீ போவக் கூடாதுன்னு ஒரு மூலையில இருந்திச்சி. அதான் கை மறந்துப்பூட்ச்சி. அத நான் உன்னாண்ட சொல்லவே இல்ல."

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாவின் மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி அண்ணி. நீங்கதான் மாட்டுனீங்க. போவுது, உடுங்க. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

அம்மா அழுதாள். மூச்சிரைக்க இரைக்க அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகக் கை கழுவினார்கள். செய்யாத தப்புக்கு அம்மாவுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. அம்மா போய்ச் சேரும்வரை நான் சொன்னதை நம்பவில்லை.