கரைவலையை நிறுத்திய அறிவித்தல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன், கட்டாரில் கண்ணாடிக் கட்டடம் கழுவினேன், மன்னாரில் ஒரு பேக்கரியில் பாண் போட்டேன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. திருகோணமலைக்கும் அப்படித்தான் வந்தேன். பழைய ஓட்டோ ஒன்றை வாடகைக்கு எடுத்துத் துறைமுகத்துப் பக்கம் ஓடினேன். இங்கே மட்டும் ஏன் நின்றுவிட்டேன் என்று கேட்டால், ஒரு குரலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றுதான் சொல்லுவேன்.

எங்கள் தரிப்பிடத்துத் தேத்தண்ணிக் கடையில் எந்த நேரமும் வானொலி பாடும். நகரத்தையும் குடாவைச் சுற்றிய ஊர்களையும் மட்டும் எட்டுகிற சிறிய வானொலி அது. காலையில் ஒரு பெண் மரண அறிவித்தல் வாசிப்பாள். இஸ்திரி போட்டு மடித்த துணிபோல ஒரு குரல். பின்னேரம் நாலு மணிக்கு இன்னொரு பெண் வருவாள். ராப் பாட்டுப் போடுவாள், பாட்டுக்கு நடுவில் தானும் தாளத்தோடு கதைப்பாள். பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாமல் போகும் பஸ்காரர், கடற்கரையில் பெண்களைப் பார்த்துச் சீட்டியடிக்கும் ஆட்கள், மழை வந்தால் மட்டும் வடிகானை நினைக்கும் நகரசபை என்று ஒருவரையும் விடமாட்டாள். இரண்டும் இரண்டு பெண்கள் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒருத்தி என் ஓட்டோவில் ஏறிக் கைபேசியில் யாரோடோ வாதாடிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

"தங்கச்சி, நீங்கதானே காலமையில சாவு வாசிக்கிறது?"

"ஓம்."

"பின்னேரம் ஏசுறது?"

"அதுவும் நான்தான். ஏசுறேல்லை அண்ணை, கதைக்கிறன்."

"எனக்கு ஏச்சு மாதிரித்தான் கேக்குது."

"அப்ப நீங்க ஏதோ செய்திருக்கிறியள்" என்றாள்.

அன்றிலிருந்து அவளை வானொலிக்குக் கொண்டுபோய் விடுவதும் திருப்பிக் கூட்டிவருவதும் நான்தான். கேள்வி கேட்பது எனக்கு வியாதி மாதிரி. பதில் சொல்வது அவளுக்கு. அவள் மூதூர்ப் பக்கம் பிறந்தவள். சண்டை நேரம் இடம்பெயர்ந்து, கூடாரத்தில் இருந்து படித்தவள். அங்கே தண்ணீர்க் குழாயடியில் எந்த நேரமும் சண்டை. தன் வாளி நிறைவதற்குள் தன் நியாயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு பின்னால் நிற்பவள் தள்ளிவிடுவாள். வேகமாகக் கதைக்க அங்கேதான் பழகினாளாம். பிறகு ஒரு நாள், வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய கைபேசியில் ராப் கேட்டாள். "தாளத்தோட நியாயம் கேக்கலாம் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

வானொலியில் அவள் முதலில் சேர்ந்தது தொலைபேசி எடுக்கத்தான். அறிவித்தல் வாசிக்கும் ஐயா காய்ச்சலில் படுத்த ஒரு நாள் அவளைப் பிடித்து மைக்கின் முன்னால் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு செத்த வீட்டுக்காரர் அவள்தான் வாசிக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் தொலைபேசி எடுத்து, தனக்கும் அவளே வாசிக்க வேண்டும், இப்போதே சொல்லிவைக்கலாமா என்று கேட்டாராம். சில வருடங்கள் அப்படிப் போன பிறகு முதலாளியிடம் ஒரு மணித்தியாலம் கேட்டாள். விளம்பரம் கிடைக்காத நாலு மணியை அவர் கொடுத்தார். அவள் ஆசைப்பட்டு வாங்கியது வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. அந்த மணித்தியாலத்தை மட்டும் யாரும் தொட விடமாட்டாள்.

"ரெண்டு குரலை எப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒரு குரல்தான். செத்த ஆளின்ர பெயரை வாசிக்கேக்க முடிவில குரலை இறக்கக் கூடாது. இறக்கினா நான் அழுறமாதிரி இருக்கும். அழ வேண்டியது அவையள். ராப்பிலயும் அப்பிடித்தான். வரி முடியிற இடத்தில இறக்கினா தோத்துப்போனமாதிரி."

அதைக் கேட்ட பிறகு நான் காலையிலும் பின்னேரமும் வரி முடியும் இடத்தையே கவனிக்கத் தொடங்கினேன். அவள் சொன்னது உண்மை. நகரத்துக்குள் திரியும் மான் ஒன்று வந்து என் ஓட்டோவின் பின் சீற்றில் கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்றதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வருடம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், கரைவலைப் பாட்டின் ஒரு முனையை மறித்து வேலி போட்டது. பாடு என்பது ஒரு வலைக்கு என்று ஒதுக்கிய கரைத்துண்டு. தோணி கடலில் வலையை அரைவட்டமாக விட்டுவரும். கரையில் இரண்டு வரிசை ஆட்கள் இரண்டு கயிறுகளையும் இழுப்பார்கள். ஒரு முனை அடைபட்டால் அந்த வரிசைக்கு நிற்க இடமில்லை. வேலிப் பக்கத்து ஆட்கள் தண்ணீருக்குள் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அதைப் பற்றி நாலு மணியில் பலமுறை கதைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவள் கதைக்கும்போது மற்றவர்களும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுக்கு அது தெரியும். ஆனால் மரண அறிவித்தலுக்கு முன்னால் ஒரு இசை போடுவார்களே, அது வந்தால் கடையில் கரண்டிச் சத்தமும் நிற்கும். இதையும் நான்தான் அவளுக்கு ஓட்டோவில் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் நாலு மணிக்கு அந்த இசை வந்தது. பின்னேரத்தில் அது வந்தால் அவசரச் சாவு என்று அர்த்தம். கடை அடங்கியது. ஓட்டோக்காரர் ஒருவர் பாதி கடித்த வடையோடு நின்றார். அவளுடைய காலைக்குரல் வந்தது.

"நிலாவெளிக் கடற்கரையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் இரண்டு கயிறுகளின் அன்புத் தாயும், சூடை மீன்களின் பாசமிகு மாமியும் ஆவார். அன்னாரின் பூதவுடல் ஹோட்டல் வேலிக்குப் பின்னால் அஞ்சலிக்காக வைக்கப்பட்டுள்ளது. செருப்புடன் வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள். அறைச் சாவி உள்ளவர்கள் மட்டும் அழலாம்."

அதோடு தாளம் விழுந்தது. சாம்பல்தீவில் கைபேசி திருத்தும் ஒருவர் செய்து கொடுத்த தாளம். மரண இசையை வெட்டி ஒட்டிச் செய்தது. கடை முழுக்கச் சிரிப்பு. வடையோடு நின்றவர், "நல்லா வைச்சாள் ஆப்பு" என்றார். வென்றுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதே நேரம் கரையில் நடந்தது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும். அன்றைக்கு நெடுநாளுக்குப் பிறகு சூடைக் கூட்டம் ஒன்று கரையோடு வந்து நின்றிருக்கிறது. தோணியில் வலை ஏற்றி ஆயத்தம். கரையில் ஒரு வாடி, மீன்காரர் இளைப்பாறும் ஓலைக் கொட்டில். அதில் வானொலி. இசை கேட்டது, ஊர்ப்பெயர் கேட்டது, காலமானார் என்று கேட்டது. ஊரில் சாவு என்றால் அங்கே கடலில் வலை போடமாட்டார்கள். யார் வீடு என்பதெல்லாம் பிறகு. முதலில் தோணியை நிறுத்துவார்கள். வாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கரைக்கும் ஊருக்குமாக ஓடிவிட்டார்கள். சூடையின் மாமி என்று பகிடி வரும்போது அதைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. வீடு வீடாக விசாரித்திருக்கிறார்கள். யாரோ ஒழுங்கை முனையில் சாவுக்கு அடையாளமாக வெள்ளைக்கொடியும் கட்டிவிட்டார். ஒருவரும் சாகவில்லை என்று தெளிந்தபோது பொழுதும் போய், மீனும் போய்விட்டது.

மறுநாள் காலை வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி வானொலிக்கு வந்தார். நான் அவளை இறக்கிவிட்டுப் படியில் நின்றேன். போகச் சொல்லவில்லை, நின்றேன்.

முதலாளி அவரைக் கதிரையில் இருத்திவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்: "பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு. ஹோட்டல் முகாமையாளரும் காலமை போன் எடுத்தவர். நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டு பேரிட்டயும் மன்னிப்புக் கேக்க வேணும். ஏலாது எண்டா நாலு மணி இல்லை."

சம்மாட்டி குறுக்கிட்டார். "ஹோட்டல்காரரை ஏன் இதுக்குள்ள கொண்டுவாறியள்? நான் என்ர விசயமா வந்தனான்." பிறகு அவளிடம் திரும்பினார். "பிள்ளை, நீ வேலியைப் பற்றிச் சொன்னது சரி. இன்னும் நாலு சொல்லு. அந்த மியூசிக்கைப் போட்டு ஏன் சொன்னனீ?"

"அதைப் போட்டாத்தானே எல்லாரும் கேக்கினம், ஐயா."

"ஓம். ஏன் கேக்கினம்? என்ர தம்பியின்ர சாவை நீதான் வாசிச்சனீ. நீ சொன்னா நாங்க உண்மையோ எண்டு பாக்கிறேல்லை. இனிப் பாக்க வேணுமோ?"

சம்மாட்டி பதிலுக்காக நிற்கவில்லை. படியில் என்னைக் கடந்தபோது, "பஸ் ஸ்டாண்டில விடுறியோ தம்பி?" என்று கேட்டார். போகும் வழியெல்லாம் சூடையைப் பற்றியே கதைத்தார்.

அன்று பின்னேரம் திரும்பும்போது அவள் கேட்டாள்: "அண்ணை, நீங்க எண்டா என்ன செய்வியள்?"

"நான் எண்டா இண்டைக்கே வேற ஊருக்குப் போயிருப்பன். என்னட்டக் கேக்காதேங்கோ."

மறுநாள் நாலு மணிக்கு நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். முதலாளி கலையகத்துக்குள் அவள் பக்கத்திலேயே இருந்தாராம். தாளம் எதுவும் இல்லாமல் தொடங்கினாள். அந்த இசை செத்தவர்களுக்கு உரியது, அதை எடுத்தது தன் பிழை, வலை போடாமல் நின்ற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், இனி அதைத் தொடமாட்டேன் என்றாள். குரல் எங்கும் இறங்கவில்லை. கடைக்காரர் கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். இசை இல்லாமலே கடை அடங்கியிருந்ததை நான் கவனித்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பிறகு, "ஹோட்டல்காரருக்கும் ஒண்டு சொல்லச் சொன்னவை" என்றாள். "உங்கட வேலி இன்னும் அங்கதான் நிக்குது. அதைப் பற்றி நான் சொன்னதில ஒரு பிழையும் இல்லை."

அவ்வளவுதான். ஒரு பழைய சினிமாப் பாட்டு நடுவிலிருந்து தொடங்கியது.

நாலு மணி போய்விட்டது. காலை அறிவித்தலையும் முதலாளி வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்தார். முதல் நாளே தொலைபேசி ஓயவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, எப்போது பிரேதம் எடுக்கிறார்கள் என்று கேட்டார்களாம். அவள் செத்துவிட்டாள் என்று பாதி ஊர் நம்பிவிட்டது. அந்த வாரமே முதலாளி அவளைக் காலைக்குத் திருப்பிக் கூப்பிட்டார். நாலு மணியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

சில நாட்கள் அவள் ஓட்டோவில் வாய் திறக்கவேயில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"சொல்ல வேண்டியதை இங்க சொல்லுங்கோவன். நான் கேக்கிறன்."

"உங்களுக்கு மட்டும் சொல்லி என்னத்துக்கு?"

"தரிப்பிடத்தில எத்தினை ஓட்டோ நிக்குது, எல்லாத்திலயும் பாட்டு செற் இருக்கு."

இப்படித்தான் தொடங்கியது. மீன் சந்தைக்குப் பின்னால் காற்றுப் படாத மதிலோரம் ஓட்டோவை நிறுத்துவேன். இரண்டு பக்கத் திரையையும் இறக்கிவிட்டு, அவள் பின் சீற்றில் பழைய பெட்சீற்றால் தலையை மூடிக்கொண்டு கைபேசியில் கதைத்துப் பதிவு செய்வாள். வெளியே நிற்பது என் வேலை. யாராவது ஹோர்ன் அடித்தால் கையைக் காட்டுவேன். பெட்சீற்றுக்குள்ளிருந்து வரும் ஏச்சைக் கேட்டு மீன் வாங்க வந்த ஒரு அம்மா, "உள்ளுக்கு ஆருக்கும் பேயோ தம்பி?" என்று கேட்டிருக்கிறார். சாம்பல்தீவுக்காரர் தாளம் சேர்ப்பார். ஓட்டோக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போடுவோம். நாலு மணிக்குத் தரிப்பிடத்தில் ஓட்டோக்கள் ஒன்றாகப் போடும். அங்கிருந்து அது எங்கெங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது.

நிலாவெளிக்கும் போயிருந்தது என்பது சம்மாட்டி அவளுக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் தெரிந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, உன்ர கதையை வாடியில போடுறாங்கள். வாடிப் பக்கத்து வரிசை அதைக் கேட்டுக் கேட்டு ஓட்டமா இழுக்கிறாங்கள். வேலிப் பக்கத்து வரிசைக்குக் கேக்கிறேல்லை, அவங்கள் பழையபடி. வலை கோணுது, மீன் அந்தப் பக்கத்தால போகுது."

"நிப்பாட்டச் சொல்லுறியளோ, ஐயா?"

"நிப்பாட்டினா என்னை அடிப்பாங்கள். கொஞ்சம் மெதுவாப் போட ஏலாதோ?"

யார் சொல்லியும் அவள் மெதுவாகக் கதைத்ததில்லை. குழாயடியிலிருந்து வந்தவள். நான் கண்ணாடியில் பார்த்தேன், ஏதோ வெட்டிச் சொல்லப்போகிறாள் என்று.

"எவ்வளவு மெதுவா, ஐயா?" என்று கேட்டாள்.

"அதை எப்பிடி வாயால சொல்லுறது. வந்து பார்."

போனோம். சம்மாட்டி சொன்னதுபோலவே இருந்தது. வாடிப் பக்கத்து ஆட்களின் கால் அவளுடைய குரலோடு விழுந்தது. வேலிப் பக்கத்து ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, தங்கள் பாட்டில் இழுத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கமும் ஒரு ஸ்பீக்கர் வைச்சா என்ன?" என்று கேட்டாள்.

"வைக்கலாம். எங்க கொழுவுறது? அங்க இருக்கிறது வேலி மட்டும்தான்" என்றார் சம்மாட்டி. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

என் ஓட்டோவிலிருந்த ஸ்பீக்கரைத்தான் கழற்றினோம். வேலிக் கம்பியில் கயிற்றால் கட்டும்போது ஹோட்டல் காவலாளி வந்தார்.

"இதென்ன, இதைக் கழட்டுங்கோ."

"வலை கரை ஏறினாப்பிறகு கழட்டுவம்" என்றார் சம்மாட்டி.

காவலாளி கடலைப் பார்த்து, "சூடையோ?" என்று கேட்டார்.

"கீரிமீனும் கிடக்கு போல. போகேக்க ஒரு பை கொண்டுவா."

இரண்டு பக்கமும் அவளுடைய குரல் வந்தது. அவள் மணலில் குந்தியிருந்து, இழுக்கிறவர்களின் குதிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் நின்றவர்களின் கால் தாளத்துக்குப் பிந்தி விழுந்தது. பிறகு கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அதே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வரி முடியும் இடத்தில் இறங்குகிறதா என்று நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.