எழுத்து ஓடும்வரை

கண்டித் தியேட்டரில் பகல் காட்சிக்குப் போனால் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். கலஹாவிலிருந்து பஸ்ஸில் வருபவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் நீளமான கறுப்புக் குடை. மனைவியை வெளியே கதிரையில் உட்காரவைத்துவிட்டு, படத்தின் தொடக்க எழுத்துகள் ஓடி முடியும்வரை தனியே உள்ளே நிற்பார்.

ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ரத்தத்தப் பாத்தா அவளுக்கு மயக்கம் வந்துரும், தம்பி. எழுத்து செவப்பா வெடிச்சு வந்தா வெட்டுக்குத்துப் படம். அப்பிடியே திரும்பிப் போயிருவோம்."

போன மாதம் ஒரு படத்தில் வெள்ளை எழுத்துகள் புல்லாங்குழலோடு பனிபோல வந்து கரைந்தன. அவர் ஓடிப்போய் மனைவியை அழைத்துவந்து எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த காட்சியிலேயே கத்தி. சட்டென்று குடையை விரித்து அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். போகலாம் என்று அவர் கெஞ்சியும் அந்த அம்மா அசையவில்லை. படம் முடியும்வரை குடை விரிவதும் மடங்குவதுமாக இருந்தது.

விளக்குகள் எரிந்தன. திரையில் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன.

"எந்திரி, போவோம்" என்று அவர் எழுந்தார்.

"இருங்க. அந்த எழுத்தப் போட்டவன் பேரும் வரும்ல? யாருன்னு பாத்துட்டு வாறேன்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருந்த நானும் உட்கார்ந்தேன்.