மேல்வீட்டிலிருந்து வந்த துணி

கொரோனா வந்த அந்தப் பங்குனியில் நாங்கள் செயின்ட்-மிஷேல் என்ற பிரெஞ்சு பேசும் பகுதியில் ஒரு மூன்று மாடி வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் சமையல் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டார்கள். கணவர் மட்டும் லவாலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலைக்குப் போய்வந்தார்.

கடைகளில் ரொய்லெற் பேப்பர் தீர்ந்துகொண்டு வந்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் குளியலறையில் வாளியும் கோப்பையும் இருந்தன. ஆனாலும் கணவர் ஒருநாள் பெரிய பொதியொன்றைத் தோளில் சுமந்து வந்தார். அடுத்த நாள் இன்னொன்று.

"எங்களுக்கு என்னத்துக்கு இது?"

"எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். நானும் தூக்கினன். கிடக்கட்டும்."

ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மற்றதை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

எங்களுக்கு நேர் மேலே ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். லொங்குய்யில் இருந்த மகள் வாரத்துக்கு ஒருமுறை வருவாள், அதுவும் நின்றுபோயிருந்தது. ஒரு காலை நான் குப்பை வைக்க வெளியே போனபோது அவர் வாசலில் நின்று, நான் கிட்ட வந்துவிடாதபடி கையை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"மடாம், எங்கேயாவது பேப்பர் கண்டீர்களா?"

"இல்லை மடாம். எங்கேயும் இல்லை."

மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். கடையில் காணவில்லை என்பது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் கணவரிடம் கேட்டேன்.

"மேல்வீட்டு அம்மாவுக்கு ஒண்டு குடுப்பமோ?"

"பேந்து பாப்பம். இது எத்தினை மாதத்துக்கு இழுக்குமோ தெரியாது."

அவர் மறுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். காலையில் பருப்பு அவியப் போட்டுவிட்டு நின்றபோது குளியலறையில் ஏதோ கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நிலத்து ஓட்டையாலும் கக்கூசாலும் கறுப்புத் தண்ணீர் மேலெழுந்துகொண்டிருந்தது. வாசலில் துவாய்களைப் போட்டு அடைத்தேன். துவாய்களும் மிதந்தன. கணுக்கால் அளவு மலத்தண்ணீர் படுக்கையறைக்குள் போனது. கட்டிலுக்குக் கீழே இருந்த பொதி பிளாஸ்ரிக் உறை வெடித்துக் குழைத்த மாவாய்ப் பொங்கிக் கிடந்தது.

வீட்டுச் சொந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். பிளம்பர் நாளை மறுநாள்தான் வருவாராம், அதுவரை மேலே ஒருவரும் தண்ணீர் விட வேண்டாமாம், அவர்களுக்குத் தானே சொல்லிவிடுவாராம். நான் நனைந்த காலோடு மேலே ஓடிப்போய்க் கதவில் அடித்தேன். மூதாட்டி சங்கிலியைக் கழற்றாமல் ஒரு விரல் அகலம் திறந்தார்.

"கக்கூசுக்குள் என்ன போட்டாய்?" எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன். மரியாதைச் சொல்லைக்கூட விட்டுவிட்டேன்.

"ஒன்றும் போடவில்லை."

"உன்ரை பீ என்ரை கட்டிலுக்குக் கீழை நிக்குதடி!" இது தமிழில் வந்தது. அவருக்குச் சொல் விளங்கியிருக்காது. முகம் மட்டும் சிவந்து, பிறகு வெளிறியது. கதவு மூடிக்கொண்டது.

தண்ணீர் விடக்கூடாத அந்த இரண்டு நாளும் அவர் என்ன செய்தார் என்று நான் யோசிக்கவில்லை. நாங்கள் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வந்த பிளம்பர் நீளமான கம்பிச்சுருளைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி இழுத்தார். துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. நீலச் சிறுபூ போட்ட, மெத்தென்ற இரவுச் சட்டைத் துணி. எல்லாத் துண்டுகளும் உள்ளங்கை அளவில், கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தன.

"இந்தக் கிழமை இது எனக்கு மூன்றாவது வீடு," என்றார் பிளம்பர்.

கணவர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாவம் மனிசி. வடிவா வெட்டியிருக்கிறா," என்றார்.

மெத்தையை வெளியே எறிந்தோம். அலுமாரிக்கு மேலே இருந்த பொதி நனையவில்லை. அதைக் கொண்டுபோய் மூதாட்டியின் கதவடியில் வைத்துத் தட்டினேன். திறக்கவில்லை. அடுத்த நாளும் பொதி அங்கேயே இருந்தது. மூன்றாம் நாளும் இருந்ததைக் கண்டதும் வீட்டுச் சொந்தக்காரரை அழைத்தேன்.

அம்புலன்சில் வந்தவர்கள் தலைமுதல் கால்வரை பிளாஸ்ரிக் உடுப்புப் போட்டிருந்தார்கள். அவருக்கு உயிர் இருந்தது. தூக்கி வந்தபோது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. நாட்கணக்காகச் சாப்பிடவில்லையாம். சாப்பிட்டால் கக்கூசுக்குப் போகவேண்டி வருமே என்று அவர்களிடம் சொன்னாராம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வைகாசியில் அங்கேயே இறந்துபோனார்.

ஆடியில் அவருடைய மகள் வீட்டைக் காலிசெய்ய வந்தாள். நான் படியில் நின்று பெட்டிகளை வாங்கிக் கொடுத்தேன்.

"என் வீட்டில் பேப்பர் நிறைய இருந்தது. அம்மா ஏன் என்னிடம் கேட்கவில்லை? யாரிடமாவது கேட்டாரா?" என்றாள். என்னைக் கேட்டதாகவும் தெரியவில்லை, தனக்குள் கேட்டதாகவும் தெரியவில்லை.

"என்னிடம் கேட்டார். வீட்டில் இருந்தது. நான் இல்லை என்றேன்."

என் பிரெஞ்சு பிழையாக இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். மிச்சப் பெட்டிகளைத் தானே தூக்கினாள்.