பச்சையாகாத வரி

தன் எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதியவரே அனுமதி கொடுக்கும் பொது உரிமம் ஒன்றை, அண்ணனும் நானும் சம்பளமில்லாமல் தமிழாக்கினோம். நான் வரி வரியாக மொழிபெயர்ப்பேன், இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் இணையதளத்தில் அந்த வரி பச்சையாகும். அந்த இன்னொருவர் அண்ணன்தான்.

எப்போதும் ஒரு வரியை மட்டும் நிறுத்திவைப்பான். "இது சரியில்லடா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்" என்பான். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு எரிச்சலோடு பஸ் ஏறுவேன். ஒரு வரிக்கு இவ்வளவு அலைச்சலா என்று கத்தியும் இருக்கிறேன். சாயா குடித்து, சண்டை போட்டு, கடைசியில் நான் எழுதியதையே ஒப்புக்கொள்வான்.

மாரடைப்பில் அவன் போன பிறகு அண்ணி சொன்னார்: "வரியில குழப்பம் ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் பச்சையாயிட்டா நீ வரமாட்டேன்னு சொல்வாரு."

அவன் கடைசியாக நிறுத்திவைத்த வரி அப்படியே இருக்கட்டும் என்று நான் அதைத் தொடவே இல்லை. நேற்று முகம் தெரியாத தன்னார்வலர் யாரோ அதை ஒப்புக்கொண்டுவிட்டார். உங்களை யார் கேட்டது? மொழிபெயர்ப்பு முழுமையடைந்தது, வாழ்த்துகள் என்று திரை முழுக்கப் பச்சை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் எங்கும் போக வேண்டியதில்லை.