குட்டிக்கு மூன்று ஷிஃப்ட்

என் கணவர் எனக்கு வாங்கிக் கொடுத்த கடைசிப் பொருள் ஒரு நாய்க்குட்டி. டாய் பொமரேனியன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தால் அதற்குள் சுருண்டு தூங்கிவிடும், இடமும் மிச்சமிருக்கும். "வேலையை விட்டுடு. பொழுது போகலைன்னா இது இருக்கு" என்று சொல்லி என் மடியில் வைத்தார். எங்கள் குடித்தனத்தில் என் பொழுதைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் புல்லரித்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது.

வேலையை நான் விடவில்லை. அடுத்த வாரமே ஆபீஸ் லேப்டாப்பையும் ஒரு சூட்கேஸையும் குட்டியையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். சமாதானத்துக்குக் கொடுத்த பரிசையே தூக்கிக்கொண்டு ஓடியவள் என்று அந்த வீட்டில் இன்றும் சொல்கிறார்களாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். நான் பேசினால் பதில் சொல்ல மாட்டார், என்னைக் கேட்காமல் எனக்கான எல்லாவற்றையும் முடிவு செய்வார். இதை ஒரு காரணம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அவ்வளவுதானா?" என்பார்கள்.

நைனா அதைக்கூடக் கேட்கவில்லை. அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ஊரின் தென்கோடிக்குப் போனபின் "எங்க அப்பா" என்று நாகரிகமாகச் சொல்லப் பழகியிருந்தேன். மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அன்றைக்கு வாசலுக்கு வந்தார். சூட்கேஸைப் பார்த்தார், பைக்குள்ளிருந்து தலைநீட்டிய குட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அம்மாதான் காதோடு சொன்னாள். "நீ நாலு நாள் இருந்துட்டுப் போவேன்னு பக்கத்துல சொல்லி வச்சிக்கீறேன். நீ வேற எதனா ஒளறிகினு இருக்காத."

அந்த நாலு நாளுக்கு அப்புறம் எனக்கு இந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நைனாவிடம் கேட்கப் பயம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

தெருவுக்கு அந்த மாதிரிப் பயம் எல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் தெருவுக்கும் ஒரு மரியாதை உண்டு. புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்ட பெண்ணை நேராக எதுவும் கேட்காது, அவள் கொண்டுவந்த நாயைப் பற்றிக் கேட்கும்.

"இது இன்னா, மூஞ்சூறா?" என்று ஆரம்பித்தாள் பக்கத்து வீட்டு மீன்கார அக்கா. "நாயா? சர்தான். யாரு வாங்கிக் குட்த்தது, அவரா? அவரு வர்லியா? இத்த இங்கியே வச்சிக்கப் போறியா, திரும்ப இட்டுகினு போவியா?"

நான் எல்லாவற்றுக்கும் நாயைப் பற்றியே பதில் சொன்னேன். அக்காவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனாள். மாலைக்குள் என் கதை தேரடி வரைக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் காலையிலிருந்து கூட்டம். குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். அம்மாவும் அதற்கு ஏற்றாற்போல் குட்டியின் வெள்ளை நெற்றியில் மையால் ஒரு பொட்டு வைத்து, காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். குட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தர் காதைத் தடவினார், ஒருத்தர் வாலைத் தூக்கி ஆணா பெண்ணா என்று பார்த்தார், ஒருத்தி நெற்றியில் விரல் நெரித்துத் திருஷ்டி கழித்தாள். நான் உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். குட்டிக்கு அம்மா சாப்பாடு வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் வைத்திருப்பேன் என்று அம்மா நினைத்தாள். இத்தனை பேர் கொஞ்சுகிறார்களே, ஒருத்தராவது வைக்காமலா இருப்பார்கள் என்று குட்டியும் நினைத்திருக்கும்.

பதினோரு மணி வாக்கில் வாடை வந்தது. எங்கள் பக்கத்தில் வாடை வருவது தண்ணீர் லாரி வருவதைப் போலத்தான், வந்தால் வந்தது. ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் கருகிய ரப்பர். எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழம்பைத் தாளித்துக்கொண்டிருப்போம். தலைவலி, இருமல், பிள்ளைக்கு மார்க் குறைந்தது, எதுவானாலும் இந்த ஊரில் பழி வாடை மேல்தான் விழும்.

அந்த நேரம் பார்த்துக் குட்டி தள்ளாடியது. நாலடி நடந்து, குடித்தவன் போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்து அதைத் தூக்கினேன். துணியைத் தூக்கியதுபோல் தொங்கியது.

"காஸு லீக்கு" என்றார் நைனா. நான் வீட்டுக்கு வந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்து நடந்ததை நான் ஒரு மாதிரிப் பெருமையோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். மாடிக்கு ஓடினார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் நைட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். "காத்து தெக்கால போவுது. குறுக்க ஓடணும், கடலாண்ட" என்று கத்திக்கொண்டே இறங்கினார். துண்டைத் தண்ணீரில் முக்கிக் குட்டியைச் சுற்றினார். இன்னொரு துண்டை நனைத்துத் தன் மூக்கில் கட்டிக்கொண்டார். "நமக்குப் பழகிப்போச்சு, அதுக்குத் தாங்கல" என்றார். ஓடினார்.

சேஃப்டியில் காலம் தள்ளிய மனிதர் மூக்கைக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் தெரு என்ன நினைக்கும்? அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதித் தெரு. எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து கடற்கரைப் பாறைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நைனா துண்டைப் பிரித்தார். நல்ல கடல்காற்று வீசியது. குட்டி எழுந்திருக்கவில்லை. உடம்பு ஜில்லென்று இருந்தது. நைனா என்னைப் பார்த்தார். சுத்தமான காற்றுக்குக் கொண்டுபோன பிறகும் ஆள் எழுந்திருக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"யோவ், நாங்கல்லாம் நல்லாத்தான கீறோம்!" என்று மூச்சு வாங்கக் கத்தினாள் மீன்கார அக்கா. "நாய் டாக்டராண்ட தூக்கினு போவியா, இங்க வந்து காத்து வாங்கிகினு கீற!"

ஆட்டோவில் அம்மாவும் நைனாவும் இரண்டு பக்கம் இருக்க, தண்டையார்பேட்டை போகும்வரை அழுதேன். குட்டியின் மேல் எனக்குப் பிரியம் வந்திருந்தது, அது உண்மை. அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. இது செத்துப்போனால், ஒரு சாண் நாயைக்கூட வைத்துக் காப்பாற்றத் தெரியாதவள் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருக்கிறேன் என்று கேட்பேன்? நைனா எதிர்ப்பக்கம் பார்த்தபடி, ஈரத் துண்டைத் தன் மடியில் பிழிந்துகொண்டே வந்தார்.

பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். குட்டியைத் தொட்டதும் முகம் மாறியது.

"யாருங்க இதை இப்படி நனைச்சது?"

நைனா சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டுது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல், குட்டியைக் காய்ந்த துணியில் சுற்றி, சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தடவ ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு லேசாக வெளியே வந்தது. பிறகு தலை தூக்கியது. பிறகு டாக்டரின் கையுறையைக் கடித்தது.

"சர்க்கரை இறங்கிடுச்சு. இத்தனூண்டு வயிறு, இதுல எவ்வளவு தங்கும்? மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கணும், ராத்திரியும்தான். விட்டா மறுபடியும் விழுந்துடும்."

"அப்ப காஸு இல்லியா?" என்றார் நைனா.

"பசிங்க."

"காலைல வாடை வந்துதுங்க."

"எனக்கும்தான் வந்துது. நான் சாப்பிட்டிருந்தேன்" என்றார் டாக்டர்.

தெருவுக்குத் திரும்பியபோது ஓடிய பாதித் தெருவும் விவரம் கேட்கக் காத்திருந்தது. நாய்க்குப் பசி, அதற்குத்தான் நாம் எல்லோரும் கடலுக்கு ஓடினோம் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதன்பிறகு ரொம்ப நாளைக்கு, நைனா டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் அவர் டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. எங்கள் இருவரையும் முன்னால் உட்கார வைத்தார். முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. விபத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட தெளிவுதான் இருந்தது.

"ஹேண்டோவர் இல்ல, ஒருத்தரு இன்னொருத்தராண்ட ஒப்படைக்கல. அதான் ஆக்சிடென்ட்டு" என்றார். "இனிமே ஆறுலேர்ந்து ரெண்டு ஏ ஷிஃப்ட்டு, உங்கம்மா. ரெண்டுலேர்ந்து பத்து பி ஷிஃப்ட்டு, நீ. அப்பால விடியிற வரிக்கும் நானு. இன்னா துன்னுச்சு, எப்ப துன்னுச்சு, வெளிக்குப் போச்சா, எல்லாம் அடுத்த ஆளாண்ட சொல்லிட்டுத்தான் எழுந்திரிக்கணும். ரிலீவர், அடுத்த ஷிஃப்ட்டு ஆளு, வந்து வாங்கிக்காம எவனும் எடத்த வுட்டுப் போவக் கூடாது."

"பெத்த புள்ளைக்கே நான் இப்டி கணக்கு ஒப்பிச்சதில்ல" என்றாள் அம்மா.

"அதான் இப்டி கீது" என்றார் நைனா, என்னைக் காட்டி.

ஒப்பித்தோம். வேறு வழி? இரண்டு மணிக்கு அம்மா புலம்பிக்கொண்டே என்னிடம் ஒப்படைப்பாள். ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மடியில் குட்டி இருக்கும், பக்கத்தில் ஊறவைத்த தீனிக் கிண்ணம் இருக்கும். பத்து மணிக்கு நைனா முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். வீட்டுக்குள் நடக்கும் ஷிஃப்ட்டுக்கு எதற்குச் சட்டை என்று அம்மா கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள். நான் சொல்வேன், அவர் கேட்பார். அப்பனுக்கும் மகளுக்கும் அதுதான் பேச்சு. ஒருநாள் எல்லாம் சொல்லி முடித்து எழுந்தபோது, "நீ துன்னியா?" என்றார். "இல்ல நைனா" என்றேன். "அத்த யாரு சொல்றது?" என்று அதட்டினார். அன்றைக்கு நிறையச் சாப்பிட்டேன்.

அம்மா சொன்ன நாலு நாள் எப்போதோ முடிந்திருந்தது. இருக்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா என்னிடம் குட்டியை ஒப்படைத்த கொஞ்ச நேரத்தில், என் கணவரும் அவருடைய தாய்மாமாவும் வந்தார்கள். ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் இருந்தது. கணவர் வழக்கம்போல் எதுவும் பேசவில்லை, மாமாதான் பேசினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"சம்பந்தி, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். பொண்ணும் ஆசைக்கு இருந்தாச்சு. இப்பவே கிளம்பச் சொல்லுங்க, கார் நிக்குது. நாயையும் எடுத்துக்கட்டும், நாங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலை."

அம்மா என் சூட்கேஸ் இருந்த அறைப் பக்கம் திரும்பினாள். நான் குட்டியை இறுக்கிப் பிடித்ததில் அது கீச்சென்று கத்தியது. நைனாவைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

"இப்ப அனுப்ப முடியாதுங்க" என்றார் நைனா. "பி ஷிஃப்ட்டு ஓடிகினு கீது. பொண்ணு டூட்டில கீது."

மாமாவுக்கு விளங்கவில்லை. என்ன ஷிஃப்ட், என்ன டூட்டி என்று அம்மாதான் நெளிந்துகொண்டே விளக்கினாள். மாமா சிரித்தார். பெரியவர் ஏதோ மரியாதைக்கு நேரம் கேட்கிறார் என்று நினைத்தார்.

"சரி, டூட்டி முடியட்டும். எப்ப முடியும்?"

"ரிலீவர் வந்தா முடியும்."

"எப்ப வருவாரு ரிலீவர்?"

"இவ எடத்துக்கு வேற ஆள் போடல" என்றார் நைனா. எழுந்து அவரே போய் கேட்டைத் திறந்து வைத்தார். "போடப் போறதும் இல்ல. நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர்கள் காப்பி குடிக்கவில்லை. கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டபிறகுதான் நான் வாய்விட்டு அழுதேன். நைனா கேட்டைச் சாத்திவிட்டு வந்து டிவியைப் போட்டார். என் பக்கம் திரும்பாமலே, "மணியப் பாரு, அதுக்குச் சோறு வய்யி" என்றார்.