அப்பாவுக்காக ஊதிய கபடிக்காரர்

அப்பாவின் இருமலைப் பற்றி நான் பேச்செடுத்தாலே சட்டைப் பையைத் தட்டுவார். உள்ளே ஓர் ஆய்வுக் கட்டுரையின் நகல், நாலாக மடித்து. சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளர்களின் நுரையீரல் நன்றாகவே இருக்கிறது என்பது அதன் முடிவு. அப்பாவையும் அவர் கூட்டாளிகளையும் குழாயில் ஊதவைத்து எடுத்த அளவுகளைக் கல்லூரியில் உட்கார்ந்து கணினியில் ஏற்றியவன் நான். கடைசிப் பக்கத்து நன்றி வரியில் என் பெயரும் உண்டு. கல்யாணப் பத்திரிகையை விட்டால் எங்கள் குடும்பத்துப் பெயர் அச்சில் வந்தது அங்கேதான்.

"நீ எழுதனதுதானடா இது? அப்பறம் என்னாத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வா வான்னு உயிர எடுத்துகினு இருக்க?"

டீக்கடைக்குப் போனேன். அப்பாவோடு வேலை செய்பவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கப்பன் எங்க தம்பி ஊதுனான்? எங்க செட்டு மொத்தத்துக்கும் இவன்தான் ஊதுனான்."

அவர் கைகாட்டிய பெஞ்சில் இருந்தவர் அதே செட்டில் வேலை செய்யும் காடாம்புலியூர் கபடிக்காரர். ஷிப்ட் முடிந்து வரும்போது ஹெல்மெட்டும் புழுதியுமாக எல்லா முகமும் ஒன்றுதான். ஆய்வுக்குப் பேர் கூப்பிடக் கூப்பிட, ஹெல்மெட்டை மாற்றி மாற்றி இவரே போய் நின்றிருக்கிறார். அளவு குறைந்தால் அன்பிட் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லி கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம்.

"கடைசி ஆளுக்கு ஊதறப்ப கண்ணு இருட்டிகினு வந்துச்சு தம்பி. உங்கப்பா ஒரு டீ வாங்கித் தரல."

ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "அளவெல்லாம் இப்படி ஒத்துப்போகுதேன்னு பெருமைப்பட்டேனேப்பா!" ஒரே ஆளின் மூச்சு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? கட்டுரையைத் திரும்பப் பெற அன்றே எழுதிப் போட்டார்.

அப்பா அசரவில்லை. "யாரு மூச்சா இருந்தா என்னா? பாஸ் ஆயிடுச்சில்ல?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாஸானது அந்தப் புள்ள. ராவெல்லாம் இருமறது நீங்க. கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"இந்த அளவு யாருக்குங்க போவும்?"

அளவு காண்ட்ராக்டருக்குப் போகாது என்று ஆய்வு செய்த எங்களில் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கும் உங்களுக்கும்தான். மருந்து எழுதத் தெரியணுமே."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இருடா" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். உள்ளே ஊதும் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே நீளமாக இருமல்.