எட்டுப் புள்ளிக்கு இரண்டு சரவெடி

எங்கள் தெருவில் ஸ்கோர் என்றால் மாமாதான். அம்மாவின் தம்பி. சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் நடக்கும் கிரிக்கெட் போட்டிகளில் ஞாயிறு தவறாமல் ஸ்கோர் எழுதுகிறவர். அவருக்கு ஆடத் தெரியாது. ஆனால் ஆடுகிறவர்கள், நடுவர் அவுட் கொடுத்த பிறகும் மாமாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அந்த மரியாதைதான் அத்தை விஷயத்தில் எங்கள் எல்லாருடைய காலையும் வாரிவிட்டது.

அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. ஆரம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. அவள் உட்கார்ந்தால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு இரண்டு பேர் சீட்டாகிவிடும் என்று தெருவே கேலி செய்யும். கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்தவளை, அந்த உடம்புக்காகவே பொறுக்கியெடுத்துச் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டமரான் என்று அதற்குப் பெயர். நம்ம கட்டுமரம்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டதாம். ஆனால் அதில் மரமும் கிடையாது, கட்டும் கிடையாது. ஒல்லியாக இரண்டு படகுகள், நடுவில் இழுத்துக் கட்டிய வலை, மேலே பெரிய பாய். காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும். அதை அமுக்கிப் பிடிக்க ஓர் ஆள் இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே கடலுக்கு மேலே சாய்ந்து தொங்க வேண்டும். அத்தைதான் அந்த ஆள். ஒரு படகில் ஓர் ஆண், ஒரு பெண் என்பது போட்டி விதி. சுக்கானைப் பிடித்தவன் யாரோ ஒரு சென்னைப் பையன் என்பதை ஜீரணிக்க அம்மாவுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஒருநாள் வீட்டிலேயே எனக்குச் செய்து காட்டினாள். இரண்டு பெஞ்சுகளை இணையாகப் போட்டு, நடுவில் கொசுவலையைக் கட்டினாள். ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு, பெஞ்சு ஓரத்தில் பாதங்களை ஊன்றி அப்படியே பின்னால் சாய்ந்தாள். தலை தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. "நீதான் காத்து, எங்க, தூக்கு பாக்கலாம்" என்றாள். முக்கி முக்கித் தூக்கினேன். பெஞ்சு அசையவே இல்லை. அத்தையைக் கவிழ்க்க எந்தக் கடலாலும் முடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அவள் தேர்வானபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிச் சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கினேன். நைனாவுக்கும் பெருமைதான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர், அளந்துதான் பேசுவார். கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த ஒருவரிடம் நடையாய் நடந்து அத்தைக்கு ஒரு வேலையும் சொல்லி வைத்திருந்தார். கிளம்புகிற அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "மெடலோட வந்தா படகு. இல்லன்னா கம்பெனி." அத்தை சரி என்று தலையாட்டினாள். பெட்டியை மூடும்போது மட்டும், கம்பெனி வேலையில் நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டாள்.

போட்டியை எந்த டிவியிலும் காட்டவில்லை. மாமாவின் போனில் கொடியும் புள்ளியும் மட்டும் வரும். போட்டி முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்று கோச் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அத்தையும் பேசவில்லை. ஆனால் மாமா இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை? தினமும் நாங்கள்தான் முன்னணியில் இருக்கிறோம் என்று அறிவித்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆளாளுக்குக் காற்றைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசிப் பந்தயத்தன்று சாயங்காலம் வாசலில் நிற்க இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா திடீரென்று அதன்மேல் ஏறி நின்றார். "எட்டு. மத்தவன்லாம் ஆறோட நின்னுட்டான். மொத்தத்துலயும் நம்மதான் டாப்பு." எதிர்வீட்டு அக்கா போனை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நம் கொடி ஏன் எல்லாருக்கும் கீழே இருக்கிறது என்று கேட்டாள். மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். டிவி பாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசை முதலில் சொல்லி, முதல் பரிசைக் கடைசியில்தானே சொல்கிறார்கள் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

மாமாவின் கம்பெனி டீம் கோப்பை வாங்கினால் வெடிக்க வேண்டும் என்று வாங்கி, அது தோற்றதால் பரண்மேல் கிடந்த இரண்டு சரவெடிகளில் ஒன்று தெருவுக்கு வந்தது. காது கிழிந்தது. அம்மா சர்க்கரையை அள்ளி அள்ளி எல்லார் வாயிலும் போட்டாள். நான் சடை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன். நைனா சத்தத்தில் காது கேட்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"சார், என் தங்கச்சிக்கு அந்த வேலை வாணாம் சார். அவ படகுலயே இருக்கட்டும்."

அந்த ஆள் நல்லவர். அவசரப்பட வேண்டாம், காலைவரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், யோசித்துச் சொல் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று நைனா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்த வீடியோ அழைப்பு அத்தையுடையது. நைனா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். அத்தையின் தலைமுடி ஈரமாக இருந்தது, நெற்றியில் பிளாஸ்திரி. அவளுக்குப் பின்னால் அந்தச் சென்னைப் பையன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான்.

"கவுந்துட்டோம்ணா" என்றாள். "முடிக்கவே முடில."

பாய்மரப் போட்டியில் முதலில் வருகிற படகுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, குறைந்த புள்ளிதான் ஜெயிக்கும், முடிக்காத படகுக்கு எல்லாரையும்விட அதிகம் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத் துறைமுகத்தில் அத்தையே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கவிழ்ந்தும் எட்டு வாங்கியிருக்கிறாள் என் அத்தை என்பதுதான்.

வாசலில் வெடி இன்னும் ஒன்றிரண்டு படபடத்துக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று அத்தை கேட்டாள். பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்றார் நைனா.

"திங்கக்கெழமையே வேலைக்கு வந்துடறேன்ணா. அந்த சூப்பர்வைசராண்ட சொல்லிடு."

நைனா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அங்க எடம் இல்லியாம் மா. வேற ஆளப் போட்டுட்டாங்களாம். நீ படகுலயே இரு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை போனதற்கு இப்படி அழுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

வாசலுக்கு வந்ததும், அத்தை என்ன சொன்னாள் என்று மாமா கேட்டார். நைனா இரண்டாவது சரத்தைக் கேட்டு வாங்கினார். தீபாவளிக்குக்கூடக் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிற மனிதர், தெருவின் நடுவில் உட்கார்ந்து தன் கையாலேயே பற்ற வைத்தார். கலைந்து போனவர்களெல்லாம் மறுபடி ஓடி வந்தார்கள். நானும் குதித்தேன். ஆனால் பாதியில் நின்றுவிட்டேன். நைனா பொய் சொல்ல மாட்டாரே. பக்கத்துத் தெருவில் கல்யாணம் எதுவும் இல்லையே. காலைவரைக்கும் இடம் இருக்கிறது என்று அந்த ஆள் சொன்னதை நானும் கேட்டேனே.